‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டியவர் யார்? பெருநகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரங்களின் மேயர்கள், ஆணையர்கள், மன்ற உறுப்பினர்கள், துறைத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’ உங்கள் அலுவலகங்களிலிருந்து மக்களுக்குப் போகும் குறுஞ்செய்திகளில் இதைப்போல வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறில்லை. வாசலில் வந்து பார்த்தால் விளக்கு எரியவில்லை, குழி அப்படியே கிடக்கிறது. கணக்கில் மட்டும் வேலை முடிந்திருக்கிறது.

குறைதீர் மையம், தெருவிளக்குப் பராமரிப்பு, சாலைப் பணி, உரிமப் பிரிவு ஆகியவற்றில் வேலை எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்பதை அறிந்தவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். ஒரு வேலை முடிந்தது என்று அறிவிக்கும் அதிகாரம் அந்த வேலையைச் செய்தவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. குடியிருப்பவரின் புகாருக்கும், வணிகரின் விண்ணப்பத்துக்கும், நீங்கள் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் இது பொருந்தும்.

எல்லாக் குறைகளுக்கும் ஒரே தொலைபேசி எண் என்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996இல் 311 என்ற எண்ணைத் தொடங்கியது. அவசரமில்லாத அழைப்புகள் 911 என்ற அவசர உதவி எண்ணில் வந்து குவிந்து, உண்மையான ஆபத்தில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியிருந்ததுதான் காரணம். நியூயார்க் 2003இல் அதே எண்ணைக் கொண்டுவந்தது. சியோல் 2007இல் 120 என்ற எண்ணைத் திறந்தது. இன்று பெரும்பாலான பெருநகரங்களில் எண்ணும் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓடுவது பல இடங்களில் பழைய கோப்பு முறையேதான். கோப்பு மேசையை விட்டுப் போனால் போதும், வேலை முடிந்ததாகக் கணக்கு.

களப்பணியாளரின் சோம்பலால்தான் இப்படிப் பொய்யாக முடிக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘விளக்கு எரியவில்லை’ என்று மட்டும் புகார் பதிவாகிறது. ஏணி வண்டியுடன் மின்பணியாளர் வருகிறார். கம்பத்தின் அடியில் உள்ள இணைப்புப் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்தால், அங்கே மின்சாரமே வரவில்லை. பழுது நிலத்தடிக் கேபிளில் இருக்கிறது. அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேறு கருவி வேண்டும், தோண்ட வேறு குழு வேண்டும், சாலையை வெட்ட இன்னொரு துறையின் அனுமதி வேண்டும். அவருடைய கைபேசித் திரையிலோ இரண்டே பொத்தான்கள்: ‘முடிந்தது’, ‘நிலுவை’. நிலுவையில் போட்டால் கெடு தாண்டியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். எனவே ‘கேபிள் பழுது, வேறு பிரிவு’ என்று குறிப்பு எழுதி முடித்துவிடுகிறார். அந்தக் குறிப்பைப் படிக்க ஆளில்லை. கேபிள் பிரிவில் புதிய புகார் எதுவும் பிறப்பதில்லை. ஒரு வாரம் கழித்து அதே விளக்குக்கு அதே ஏணி வண்டி மறுபடியும் வருகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. ‘வேறு பிரிவின் வேலை’ என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் புகார் அதே எண்ணோடு, முதன்முதல் பதிவான தேதியோடு, அடுத்த பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பதியும் வரை அனுப்பியவரின் பொறுப்பு நீங்கக் கூடாது. இரண்டு முறை இங்கும் அங்கும் பந்தாடப்பட்டால், இரு பிரிவுகளுக்கும் மேலே உள்ள ஓர் அதிகாரியின் பெயருக்கு அது தானாகப் போய்ச் சேர வேண்டும். எத்தனை கை மாறினாலும் புகார் கொடுத்தவர் கையில் இருப்பது ஒரே எண்தான். துறை எல்லைகள் உங்கள் வசதிக்காக நீங்கள் போட்டுக்கொண்டவை. அவற்றை மனப்பாடம் செய்வது குடியிருப்பவரின் வேலை ஆகாது.

இதில் பாதித் தவறு புகாரைப் பதியும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ‘துறையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று படிவம் கேட்கிறது. சாலையில் தண்ணீர் நிற்கிறது என்றால் அது எந்தத் துறை? கண்ணால் பார்ப்பதைக் கேட்டால் எவரும் பதில் சொல்வார்கள். மழை பெய்ததா? தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா? நாற்றம் அடிக்கிறதா? மழை இல்லாமல் தெளிந்த நீர் கசிந்தால் பெரும்பாலும் குடிநீர்க் குழாய் உடைப்பு. கறுத்து நாறினால் கழிவுநீர் அடைப்பு. மழைக்குப் பிறகு மட்டும் நின்றால் மழைநீர் வடிகாலின் வாய் அடைத்திருக்கும், அல்லது சாலை அங்கே பள்ளமாக இருக்கும். இந்த மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டால் சரியான குழுவே முதலில் வரும். தெருவிளக்குக்கும் இதே வழிதான். ஒரு விளக்கா, வரிசையாகப் பலவா? பகலிலும் எரிகிறதா? கம்பத்தில் எழுதியுள்ள எண் என்ன? ஒன்று மட்டும் அணைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை விளக்கும், அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ என்ற கருவியும், ஃபியூஸும். வரிசையே இருட்டாக இருந்தால் கேபிள் அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி. பகலில் எரிந்தால் டைமர் அல்லது ஒளியுணர் சுவிட்ச். அரை நிமிடக் கேள்விகள் அரை நாள் வீண் பயணத்தை மிச்சப்படுத்தும்.

கம்பத்துக்கு எண் இல்லை என்றால் முதலில் எண்ணை எழுதுங்கள். கம்பம், மேன்ஹோல் மூடி, வடிகால் வாய், குப்பைத் தொட்டி என ஒவ்வொன்றுக்கும் எண் இருந்து, புகாரும் அந்த எண்ணின் மேல் பதிவானால், எந்தப் பொருள் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறது என்பது தானே தெரியவரும். முகவரியை மட்டும் நம்பினால் ‘எதிரில்’, ‘பக்கத்தில்’, ‘திருப்பத்தில்’ என்று எழுதப்பட்ட நான்கு புகார்கள் ஒரே விளக்கைப் பற்றியவை என்பது எவருக்கும் புலப்படாது.

இனி முடித்துவைக்கும் இடத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும் போகும் செய்தி அறிவிப்பாக இல்லாமல் கேள்வியாக இருக்கட்டும்: ‘சரியாகிவிட்டதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.’ ‘இல்லை’ என்று பதில் வந்தால் புகார் அதே எண்ணில், பழைய தேதியிலேயே திறக்க வேண்டும். இப்போது பல அமைப்புகளில் மறுபடியும் புகார் கொடுத்தால் புது எண் விழுகிறது, கெடு முதலிலிருந்து ஓடுகிறது. ஆறு மாதமாகத் தீராத பிரச்சினை, கணக்கில் 2 நாளில் தீர்ந்த பன்னிரண்டு புகார்களாக மாறிவிடுகிறது. பதிலே வராவிட்டால் என்ன செய்வது? சில நாள் பார்த்துவிட்டு முடிக்கலாம். ஆனால் அதை ‘உறுதிசெய்யப்படாமல் முடிந்தவை’ என்று தனியாகக் காட்டுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எண்ணிக் கூட்டாதீர்கள்.

புகைப்படம் இருந்தால் ஏமாற்ற முடியாது என்று நம்ப வேண்டாம். குழியை மூடிய படம் என்று தாரை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பினால் அது எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? புகாரில் வந்த படத்தைத் திரையில் மங்கலாகக் காட்டி, அதே கோணத்தில் பின்னணியும் தெரியுமாறு எடுக்கச் செய்ய வேண்டும். இடமும் நேரமும் தானாகப் பதிய வேண்டும், கைபேசியில் ஏற்கெனவே உள்ள படத்தை ஏற்றும் வசதி அங்கே இருக்கவே கூடாது. அதற்கு மேலும் ஒரு காப்பு தேவை. மாதந்தோறும் முடிந்த புகார்களில் 100ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்தப் பிரிவைச் சாராத ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். அதில் 20 வேலைகள் நடக்கவே இல்லை என்று தெரிந்தால், அந்த எண்ணிக்கையை அப்படியே வெளியிடுங்கள். பார்க்க வேண்டிய 100ஐ அந்தப் பிரிவே பொறுக்கித் தந்தால் சோதனைக்குப் பொருளில்லை.

ஒப்பந்ததாரருக்குப் பணம் எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். முடித்த புகார் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அவருக்கு லாபம் புகார்கள் வருவதிலும் அவற்றைச் சீக்கிரம் மூடுவதிலும்தான். இத்தனை விளக்குகள் இத்தனை மணி நேரம் எரிந்தன என்ற கணக்கில் கொடுத்தால், புகார் வரும் முன்பே அவர் பழுதைத் தேடிப் போவார்.

சாலைக் குழி இதற்கு மிக நல்ல பாடம். முறையாக மூட வேண்டுமென்றால், குழியின் ஓரத்தைச் செங்குத்தாக, சதுரமாக வெட்ட வேண்டும். தளர்ந்த கல்லையும் தேங்கிய நீரையும் நீக்கி, அடியிலும் பக்கங்களிலும் தார்க் குழம்பைப் பூசி, கலவையை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். கடைசியில் ஓரத்தை அடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த விளிம்பின் வழியே நீர் இறங்கும். தண்ணீர் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது பெயர்ந்துவிடும். ஆனால் முறையாக மூடியும் அதே இடம் மீண்டும் மீண்டும் உள்வாங்குகிறது என்றால், கோளாறு தாரில் இல்லை. கீழே குழாய் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டிருக்கலாம், அல்லது முன்பு குழாய் போட வெட்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்காமல் ஒரேயடியாக மண்ணைத் தள்ளி மூடியிருக்கலாம். ஒரே இடத்தில் 12 மாதத்துக்குள் மூன்றாவது புகார் வந்தால், மென்பொருள் மறுபடியும் ‘குழியை மூடு’ என்று ஆணை பிறப்பிக்கக் கூடாது. ‘காரணத்தைக் கண்டுபிடி’ என்று சாலை, குடிநீர், கழிவுநீர் மூன்று பிரிவுகளுக்கும் கூட்டு ஆய்வு ஆணையாக அது போக வேண்டும்.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 10 புகார்களில் 9 ஒரே நாளில் தீர்ந்து, ஒன்று 91 நாள் இழுத்தால், சராசரி 10 நாள் என்று வரும். அப்படி 10 நாள் காத்திருந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. நடுமதிப்பையும் (நாள் கணக்கை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), பத்தில் ஒன்பது புகார்கள் எத்தனை நாளுக்குள் தீர்ந்தன என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னும் மோசமான பிழை ஒன்று உண்டு. சராசரி முடிந்த புகார்களுக்கு மட்டும் போடப்படுகிறது. தீராமல் கிடப்பவை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனவே பழைய புகார்களைத் தொடாமல் விட்டுவைக்கும் பிரிவுக்குச் சராசரி அழகாக இருக்கும். நல்ல பொறியாளர் ஒருவர் வந்து ஓராண்டு பழமையான புகார்களைத் தேடித் தீர்த்தால், அந்த மாதமே அவருடைய சராசரி எகிறிவிடும், ஆய்வுக் கூட்டத்தில் அவர்தான் தலைகுனிந்து நிற்பார். இன்று திறந்திருக்கும் புகார்களின் வயது என்ன, 30 நாள் தாண்டியவை எத்தனை, 90 நாள் தாண்டியவை எத்தனை என்பதே முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எண். பால்டிமோர் 2000இல் தொடங்கிய சிட்டிஸ்டாட் முறையில் துறைத் தலைவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மேயர் அலுவலகத்தின் முன் தங்கள் எண்களோடு உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அந்த ஏற்பாட்டின் வலிமை கணினியில் இல்லை. தவறாமல் நடந்த அந்தக் கூட்டத்திலும், போன முறை கேட்டதை மறக்காமல் திரும்பக் கேட்டதிலும்தான் இருந்தது.

புகார் குறைவாக வரும் வார்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். இரவுப் பணி செய்பவர், எழுத்தறியாதவர், அண்மையில் நகரத்துக்கு வந்தவர், வீட்டுக்காரருக்குப் பயப்படும் வாடகைதாரர் ஆகியோர் புகார் கொடுப்பது அரிது. பாஸ்டன் நகரம் வண்டி குலுங்குவதைக் கைபேசியின் உணரி கொண்டு அறிந்து சாலைக் குழிகளைக் கண்டறியும் ஸ்ட்ரீட் பம்ப் செயலியைக் கொண்டுவந்தபோது, வசதியானவர்களின் கைபேசி போகும் சாலைகளே அதிகம் பதிவாகும் என்ற ஆபத்து சுட்டிக்காட்டப்பட்டது. எந்தப் புகார் அமைப்புக்கும் அந்த ஆபத்து உண்டு. புகார் வராத தெருக்களுக்கு முறைவைத்து நடந்துபோய்ப் பார்க்கும் ஆய்வு தேவை. குழியைச் சொல்வதற்குக் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் போடு, அடையாள அட்டை எண் கொடு என்று கேட்காதீர்கள். தொலைபேசியிலோ நேரிலோ வாய்மொழியாகச் சொன்னாலும் புகார் புகார்தான்.

புகார் கொடுத்தவரின் பெயரும் கைபேசி எண்ணும் களத்துக்குப் போகும் படிவத்தில் அச்சாகிப் போவதை உடனே நிறுத்துங்கள். சட்டவிரோதக் கட்டடம், இரவுச் சத்தம், கழிவு கொட்டுதல் போன்றவற்றில் அந்த எண் எதிர்த்தரப்பிடம் போய்விட்டால் அடுத்து வருவது மிரட்டல். களப்பணியாளர் பேச வேண்டியிருந்தால் மையத்தின் எண் வழியாக இணைத்துக் கொடுக்கலாம், இரு பக்கமும் எண் தெரியாது.

வணிகர்கள் பக்கம் ‘முடிந்தது’ வேறு வேடத்தில் வருகிறது. ‘விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்பதும் கணக்கில் முடிந்ததே. முதல் முறை வரைபடத்தில் ஒரு குறை, திருத்திக் கொடுத்தால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு குறை, அதையும் கொடுத்தால் கையொப்பத்தில் ஒரு குறை. எல்லாக் குறைகளையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு புதிதாக ஒன்றைக் கிளப்புவதென்றால் அது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்ததாக இருக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும் என்று விதி வையுங்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஏதேனும் ஒரு கேள்வி கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் வழக்கமும் உண்டு. எத்தனை கேள்விகள் கெடுவின் கடைசி இரண்டு நாளில் கேட்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள், எந்த மேசையில் இது வழக்கமாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு முடிச்சு வட்டமாகச் சுற்றுவது. தீயணைப்புத் துறை கட்டட நிறைவுச் சான்று கேட்கிறது. கட்டடப் பிரிவு தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறது. கடை வைக்க வந்தவர் இரண்டுக்கும் நடுவே வாடகை கொடுத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு சான்றையும் ஒரு புள்ளியாகப் போட்டு, எது எதைக் கேட்கிறது என்று அம்புக்குறி வரையுங்கள். வட்டம் எங்கே விழுகிறது என்பது ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். அந்த இடத்தில் இரு துறையும் ஒரே நாளில் சேர்ந்து வந்து ஆய்வு செய்து, ஒரே குறிப்பில் கையொப்பமிட வேண்டும்.

கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதலாம் என்று பல இடங்களில் சட்டம் போடுகிறார்கள். ஆபத்துக் குறைந்த தொழில்களுக்கு நல்ல ஏற்பாடுதான். தீப்பிடிக்கும் பொருள்கள் வைப்பவருக்கும் பெருங்கூட்டம் கூடும் அரங்குக்கும் அது கூடாது. ஆனால் சட்டம் போட்டவர்கள் மறப்பது ஒன்று: வங்கியோ, கட்டட உரிமையாளரோ, மின் இணைப்பு கொடுப்பவரோ ‘நாள் கடந்துவிட்டது’ என்ற வாதத்தை ஏற்பதில்லை, தாள்தான் கேட்கிறார்கள். கெடு முடிந்த நள்ளிரவில், சரிபார்க்கத்தக்க கியூஆர் குறியுடன் சான்றிதழ் தானாக உருவாகி விண்ணப்பதாரருக்குப் போக வேண்டும். அது நடக்காத வரை அந்தச் சட்டப்பிரிவு வணிகருக்குப் பயன்படாது.

புதுப்பித்தல் பற்றிச் சுருக்கமாக. எல்லா உரிமங்களும் ஒரே தேதியில் முடிவதாக வைத்திருப்பதால்தான் ஆண்டில் ஒரு மாதம் கவுண்டரில் வரிசை தெருவரை நிற்கிறது. உரிமம் கொடுத்த மாதத்திலேயே அது முடியட்டும், வேலை பன்னிரண்டாகப் பிரிந்துவிடும். இடம், தொழில், உரிமையாளர் எதுவும் மாறாதவரிடம் கட்டணமும், மாறவில்லை என்று அவரே எழுதித் தரும் தன்னுறுதியும் போதும்.

சாலையைத் தோண்டுவதால் கடைகளுக்கு ஏற்படும் நட்டம் அலுவலகங்களில் பெரும்பாலும் எவர் கணக்கிலும் வருவதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் எந்தச் சாலைக்கு எப்போது புதுத் தளம் என்ற பட்டியலை முன்கூட்டி வெளியிட்டு, குழாயோ கேபிளோ போடுபவர்கள் அதற்கு முன்பே தோண்டி முடிக்க வேண்டும், பிறகு அவசர உடைப்புக்கு மட்டுமே அனுமதி என்று உறுதியாக நின்றால் பாதித் தொல்லை தீரும். கடைகளுக்குக் கொடுக்கும் அறிவிப்பில் ‘பணிகள் நடைபெறுவதால் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பது எதற்கும் உதவாது. எந்தப் பக்கம் முதலில் தோண்டப்படும், சரக்கு வண்டி எந்த நேரத்தில் எதுவரை வரலாம், தண்ணீர் எந்த நாளில் எத்தனை மணிக்கு நிற்கும், நடைபலகை எங்கே போடப்படும், களத்தில் நிற்கும் பொறியாளரின் அலுவலக எண் என்ன என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பள்ளத்தை மூடும்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண்ணிட்டு இறுக்குவதை ஒருவர் நின்று பார்த்துக் கையொப்பமிடட்டும். அடுத்த ஆண்டின் குழிப் புகாருக்கு விதை அங்கேதான் விழுகிறது.

கருத்துக் கேட்பு. வேலை நாளில் முற்பகலில் கூட்டம், மேசை மேல் தடித்த அறிக்கை, வந்தவர்களிடம் கையொப்பம், ‘மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது’ என்று கோப்பில் ஒரு வரி. இதுவும் பொய்யாக முடித்ததுதான். சிறு வணிகர் கல்லாவை விட்டு அந்த நேரத்தில் வர முடியாது. கடை அடைத்த பிறகு, அந்தத் தெருவிலேயே நடத்துங்கள். எது இன்னும் முடிவாகவில்லை, எது முடிவாகிவிட்டது என்று தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லுங்கள். முடிவாகிவிட்டதைப் பற்றிக் கருத்துக் கேட்பது வந்தவர்களை அவமதிப்பது. கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆலோசனைக்கும் எதிரே ‘ஏற்றோம்’, ‘ஏற்கவில்லை’, ‘ஏன்’ என்று எழுதி, வந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல், நகரத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்வதில் மக்களும் பங்கேற்கும் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஆண்டின் முதல் சுற்றுக் கூட்டங்களில், முந்தைய ஆண்டு ஒப்புக்கொண்ட பணிகள் என்னவாயின என்று நிர்வாகம் மக்கள் முன் கணக்குக் கொடுத்தது. புதிய கோரிக்கையைக் கேட்கும் முன் பழைய வாக்குக்குக் கணக்கு. இந்த வரிசையை மட்டும் பின்பற்றினாலே கூட்டத்துக்கு வருகிறவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

இவையெல்லாவற்றையும் ஒரே நாளில் நகரம் முழுக்கத் தொடங்க வேண்டாம். ஒரு மண்டலத்தில், தெருவிளக்கு, சாலைக் குழி என்ற இரண்டு வகைப் புகார்களை மட்டும் எடுத்து 90 நாள் நடத்திப் பாருங்கள். மூன்றாவது பொத்தான், ‘சரியாகிவிட்டதா’ என்ற கேள்வி, பழைய தேதியிலேயே மீண்டும் திறத்தல், மாதம் 100 நேரடிச் சோதனை, இந்த நான்கும் போதும். முதல் மாதம் உங்கள் எண்கள் மோசமாகத் தெரியும். தீர்ந்த புகார்களின் விகிதம் சரியும், நிலுவை ஏறும், செய்தியாளர்கள் கேட்பார்கள். அப்போது அந்த மண்டல அதிகாரிக்கு மெமோ கொடுக்காதீர்கள். முன்பே அங்கே கிடந்தவைதான் இப்போது கணக்கில் வருகின்றன என்று மேயரும் ஆணையரும் முன்னின்று சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் நீங்கள் அவருக்குத் துணை நின்றால்தான் அடுத்த மண்டலத்தின் அதிகாரி உண்மையைப் பதியத் துணிவார்.

90ஆம் நாள் முடிவில், திறந்திருக்கும் புகார்களின் வயதுப் பட்டியலை அந்த மண்டல அலுவலகத்தின் வாசலில் எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
நகரச் சேவைகளின் நடைமுறை அறிந்தோர் சிலர்